மோட்டார் சைக்கிளில் காட்டுப் பயணம்



தோட்டத்து வீடுகளில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் பத்துப் பேர், மோட்டார் சைக்கிளில் காட்டுப் பாதை வழியே சென்று, ஆற்றோரத்தில் ஓர் இரவு கூடாரமிட்டுத் தங்கி வரப்போவதாகச் சொல்கிறார்கள். தாய் "வேண்டாம்" என்கிறார். தந்தை பேசாமல் இருக்கிறார். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். முடிவில் ஒருவரிடமும் சொல்லாமலே போய்விடுகிறான்.

பெற்றோரே, இப்படிச் சொல்லாமல் போகும் பயணத்துக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும். எங்கே போனான், யாருடன் போனான், எப்போது திரும்புவான் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாவிட்டால், ஆபத்து நேரத்தில் தேடப் போகிறவர்கள் எந்தத் திசையில் போவார்கள்? செம்பனை நிறைகளுக்கு நடுவே மண் பாதையில் வண்டி ஓட்டிப் பழகிய பிள்ளைகள் நம் பிள்ளைகள். பெரிய சாலையில் பந்தயம் ஓட்டுவதைவிட, மன்றத்தோடு கட்டுப்பாடாகக் காட்டுக்குப் போய்வருவது எவ்வளவோ மேல். ஆனால் அதற்கு முறையான ஏற்பாடு வேண்டும்.

முதலாவது, அனுமதி. தோட்டத்துப் பாதைகள் நிர்வாகத்துக்கு உரியவை. ஆகவே மானேஜரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் நிரந்தர ஒதுக்கக் காட்டுக்குள் நுழைய, 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டத்தின்படி வன இலாகாவின் அனுமதிச் சீட்டு தேவை. வழியில் பூர்வகுடி மக்களின் கிராமம் இருந்தால், அங்குள்ள தலைவரைக் கண்டு வணங்கிக் கேட்டுவிட்டே செல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்க 16 வயது நிறைந்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத பிள்ளையை, "காட்டுப் பாதைதானே" என்று வண்டியில் ஏற்றிவிடக் கூடாது. காட்டை அடைவதற்கு முன் பொதுச் சாலை இருக்கிறது.

இரண்டாவது, கணக்கு. பள்ளியில் படித்த கூட்டலும் வகுத்தலும் இங்கேதான் உதவுகின்றன. போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர், ஆக 60 என்று வைத்துக்கொள்வோம். டவுன் சாலையில் ஒரு லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டி, சேற்றிலும் மேட்டிலும் முதல் கியரில் உறுமிக்கொண்டு 20 கிலோமீட்டர்தான் ஓடும் என்று கொள்ளுங்கள். அப்படியானால் 3 லிட்டர் தேவை. வழி தவறினாலும் சுற்றிப் போக நேர்ந்தாலும் சமாளிக்க, இன்னும் ஒரு லிட்டர் சேர்த்து 4 லிட்டர் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கட்டிப் போகாதீர்கள். அதற்கென்று விற்கும் இறுக்கமான மூடியுள்ள கேனில் கொண்டு போங்கள்.

நேரத்துக்கும் இதே கணக்குத்தான். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 30 கிலோமீட்டர் போக 3 மணி நேரம். ஆறு கடக்கவும் இளைப்பாறவும் பங்சர் ஒட்டவும் 2 மணி நேரம் சேருங்கள். காலை 8 மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் 1 மணிக்குப் போய்ச் சேரலாம். மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வருவது நம் நாட்டு வழக்கம். காட்டுக்குள் மர நிழலால் சீக்கிரமே இருட்டிவிடும். ஆதலால் தாமதமாகப் புறப்படுவதைவிடப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. கிழக்குக் கரைப் பக்கமானால், நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவமழைக் காலத்தைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, செல்லும் ஒழுங்கு. பாதை தெரிந்தவர் முன்னால் போவார். அனுபவமும் பொறுமையும் உள்ள ஒருவர், பழுது பார்க்கும் கருவிகளையும் மருந்துப் பெட்டியையும் வைத்துக்கொண்டு கடைசியில் வருவார். நடுவில் போகும் ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் கண்ணில் படும் வரை நின்று வழி காட்டிய பிறகே நகர வேண்டும். மெதுவாக ஓட்டுகிறவரின் வேகமே கூட்டத்தின் வேகம். இந்த ஒழுங்கைக் காத்தால் ஒருவரும் காட்டில் தனியாக விடப்பட மாட்டார்.

நான்காவது, ஆறு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. வண்டியை விடுமுன், ஒருவர் கம்பை ஊன்றி நடந்து பார்க்க வேண்டும். ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் கடக்காதீர்கள். நீரின் நடுவே இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி உதைத்துக் கிளப்பக் கூடாது. உள்ளே புகுந்த தண்ணீர் இன்ஜினையே உடைத்துவிடும். கரைக்குத் தள்ளி வந்து, பிளக்கைக் கழற்றி, உதைத்துத் தண்ணீரை வெளியேற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

இதைவிடக் கொடியது, மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் திடீர் வெள்ளம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலை உச்சியில் பெய்த மழை சுவர்போல் இறங்கி வரும். 2021 ஆகஸ்ட் 18ஆம் நாள், கெடா மாநிலத்தில் குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம், மரங்களையும் பாறைகளையும் உருட்டி வந்து யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், இலையும் குச்சியும் மிதந்து வந்தாலும், மேலிருந்து இரைச்சல் கேட்டாலும், உடனே கரையேறி மேட்டுக்கு ஓட வேண்டும். வண்டி போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, தங்குமிடம். ஆற்று மணல் திட்டில் கூடாரம் அடிக்காதீர்கள். மரங்களில் காய்ந்த புல்லும் குப்பையும் சிக்கியிருக்கும் உயரமே பழைய வெள்ளம் ஏறிய உயரம். அதற்கு நன்றாக மேலே இடம் தேடுங்கள். பட்டுப்போன கிளைகளின் கீழும் செங்குத்தான சரிவின் அடியிலும் படுக்கக் கூடாது. 2022 டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மீது மலைச்சரிவு மண் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் மாண்டதை நாடே அறியும். அங்கே தங்கியிருந்தவர்களுள் சின்னஞ்சிறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஆற்று நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் படாமல் மூடிக்கட்டுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் எலிக் காய்ச்சல் பரவுகிறது. 2010இல் பகாங் மாநிலத்து லூபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றவர்களில் சிலர், நீரிலும் மண்ணிலும் இருந்த கிருமிகளால் நோயுற்று இறந்தார்கள். பயணம் முடிந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், "காட்டு ஆற்றில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வேலை. ஒரு தாளில் போகிறவர்களின் பெயர், வண்டி எண், போகும் பாதை, தங்கும் இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். இன்னொரு பிரதியை அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். காட்டுக்குள் பல இடங்களில் கைத்தொலைபேசிக்கு அலை எட்டாது. ஆகவே, "ஞாயிறு மாலை 4 மணிக்கு வருவோம், 7 மணி வரை வராவிட்டால் 999க்கு அழையுங்கள்" என்று முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஏழு மணி ஆனதும், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம்.

இளைஞர்களே, இந்தத் தாளை எழுதிக் கொடுப்பது உங்கள் வீரத்துக்கு இழுக்கு அன்று. அது சுவரில் இருந்தால்தான் அன்றிரவு உங்கள் தாய் சற்றேனும் கண்மூடுவார். பெற்றோரே, பிள்ளை ஏற்பாட்டோடு வந்து கேட்டால், உடனே மறுத்துவிடாமல் உட்கார்ந்து கேளுங்கள். குறை இருந்தால் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லுங்கள். கேட்டால் பேசித் தீர்க்கலாம் என்று தெரிந்த பிள்ளை, அடுத்த முறையும் உங்களிடம் சொல்லிவிட்டே போவான்.