சூயஸ் வழியே ஒரு பயணம்

அடுப்பில் உலை கொதிப்பதற்குள் ஒரு கப்பல் பயணம் போய் வருவோம், வாருங்கள்.

கொழும்பில் ஏறினோம். அரபிக் கடலைத் தாண்டி, ஏடனைக் கடந்து, செங்கடலுக்குள் நுழைந்துவிட்டோம். வலப்புறம் தூரத்தில் ஜித்தா. ஒரு காலத்தில் ஹாஜிகள் கப்பலில் வந்து இறங்கிய துறை. இன்னும் வடக்கே சென்றால் சூயஸ் நகரம். கால்வாயின் தெற்கு வாசல் இதுதான்.

விடியுமுன்பே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டுகின்றன. வழிகாட்டும் மாலுமி ஒருவர் நம் கப்பலில் ஏறுகிறார். மொத்தத் தூரம் 193 கிலோமீற்றர். அரை நாளுக்கு மேல் மெதுவாகத்தான் போக வேண்டும். பனாமாவில் உள்ளதுபோல் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகள் இங்கு இல்லை. இரு கடல்களின் நீர்மட்டமும் ஏறக்குறைய ஒன்றே.

வலப்பக்கம் பாருங்கள்: மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றோடு கலந்த சீனாய் மண். இடப்பக்கம் பேரீச்ச மரங்களும் பசுமையும். நடுவே பெரிய உவர் ஏரி. பிறகு இஸ்மாயிலியா நகரம். கந்தராவில் தலைக்கு மேலே ஓர் உயர்ந்த பாலம். முடிவில் போர்ட் சயித். அதற்கப்பால் மத்தியதரைக் கடல்.

இந்த மண்ணில் கால்வாய் புதிதல்ல. மதீனாவில் பஞ்சம் வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், எகிப்தின் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நைல் நதிக்கும் செங்கடலுக்கும் இடையே தூர்ந்து கிடந்த பழைய கால்வாயைத் திருத்தினார்கள். அதன் வழியே ஹிஜாஸுக்குத் தானியம் போனது. பசித்தவர்களுக்காகத் திறந்த வழி அது.

இப்போதைய கால்வாயின் கதை வேறு. பிரெஞ்சுக்காரரான லெசெப்ஸ் 1859 இல் வேலையைத் தொடங்கினார். ஏழை எகிப்திய விவசாயிகள் ஆயிரக்கணக்கில் கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்டனர். 1869 நவம்பர் 17 அன்று கோலாகலத் திறப்பு விழா. கடன் சுமையால் எகிப்து தன் பங்குகளை 1875 இல் பிரித்தானியாவுக்கு விற்றது. 1956 இல் நாசர் தேசியமயமாக்கிய பின்னரே கால்வாய் எகிப்தியருக்குச் சொந்தமானது.

வழி அடைபட்டால் என்ன ஆகும்? 1967 போரில் மூடிய கால்வாய் 1975 ஜூனில்தான் திறந்தது. உள்ளே சிக்கிய கப்பல்கள் பாலைவனத் தூசி படிந்து மஞ்சளாகிப் போயின. 2021 மார்ச்சில் 400 மீற்றர் நீளமான ‘எவர் கிவன்’ கப்பல் குறுக்கே சிக்கி, ஆறு நாள் உலக வணிகத்தையே உலுக்கியது. 2023 நவம்பரில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும், பல கப்பல்கள் ஆபிரிக்காவையே சுற்றிப் போயின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, கூலியும் ஏறியது.

“இதில் நமக்கென்ன?” என்று கேட்கிறீர்களா?

வன்னிப் பெண்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1990 களின் பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்ட பாட்டை மறப்போமா? 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது அடைந்த நிம்மதியும், 2006 இல் மீண்டும் மூடியபோது வந்த கவலையும் நம் வீடுகள் அறிந்தவை. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவை விட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் காலம் கழித்த நம் குடும்பங்களுக்கோ ஊருக்குத் திரும்பும் வழியே பல்லாண்டு அடைபட்டுக் கிடந்தது.

இன்னொன்றும் உண்டு. கிளிநொச்சியின் ‘வானவில்’, ‘விடியல்’ தொழிற்சாலைகளிலும், வவுனியாவிலுள்ள இத்தாலிய நிறுவனமொன்றின் தொழிற்சாலையிலும் நம் மாவட்டப் பெண்கள் தைக்கிறார்கள். ‘காமென்ட்’ என்றுதான் சொல்கிறோம். இங்கிருந்து கடல்வழியே ஐரோப்பாவுக்குப் போகும் துணிக்கு நேர்ப்பாதை இந்தக் கால்வாய்தான். கப்பல் சுற்றிப் போனால் சரக்கு பிந்தும், செலவு கூடும். அந்தச் சுமை கடைசியில் தைக்கும் கைகளையும் தொடும். அந்த வருமானத்தை நம்பி எத்தனை அடுப்புகள் எரிகின்றன!

ஆகவே சகோதரிகளே, இன்றிரவு பிள்ளைகளின் உலகப் படத்தை விரியுங்கள். கொழும்பிலிருந்து விரலை நகர்த்தி, செங்கடல் வழியாகச் சூயஸைக் காட்டுங்கள். “உம்மா தைத்த சட்டை இந்த வழியாகத்தான் போகிறது” என்று சொல்லிக் கொடுங்கள். வழிகள் திறந்திருப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.