சிறுவர் பாடகர் குழு: பழக்கத்தில் விளையும் குரல்

டிசம்பர் 24ஆம் தேதி பினாங்கில் இரவு 11 மணி ஆகும்போது இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணி. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் 'ஒன்பது வாசகங்களும் பாடல்களும்' என்ற கிறிஸ்து பிறப்பு ஆராதனை அப்போதுதான் தொடங்கும். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள 16 சிறுவர்களும் அவர்களோடு வாலிபர்களும் வாசல் பக்கம் நிற்பார்கள். ஆர்கன் ஓய்ந்திருக்கும். இயக்குநர் கைகாட்ட, ஒரு சிறுவன் துணைக்கருவி எதுவுமின்றித் தொடக்கப் பாடலின் முதல் சரணத்தைத் தனியாகப் பாடுவான். 1928இல் தொடங்கிய வானொலி ஒலிபரப்பு வழியாக எத்தனையோ நாடுகளில் கேட்கப்படும் சரணம் அது. பாடப்போவது தான்தான் என்பது அந்தக் கணம்வரை அந்தச் சிறுவனுக்கே தெரியாது. முன்கூட்டிச் சொன்னால் பயத்தில் குரல் கட்டிக்கொள்ளும் என்பதால் ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆனால் இதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. யாரைக் கைகாட்டினாலும் பாடிவிடக்கூடிய பையன்கள் சிலராவது அந்த வரிசையில் ஆண்டுதோறும் இருந்தால்தான் இப்படி ஓர் ஏற்பாடு நடக்கும். கேட்பவர்கள் 'தேவதைக் குரல்' என்கிறார்கள், கடவுள் கொடுத்த வரம் என்கிறார்கள். பிறவி வரத்தை நம்பி எந்தக் குழுவும் நூறு ஆண்டுகள் ஓடாது. அந்தக் குரல் செய்யப்படுவது, அதைச் செய்யும் முறை கற்கத்தக்கது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உடம்பு. பருவம் எய்தும் வரை ஆண், பெண் பிள்ளைகளின் குரல்வளைகள் அளவில் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். பேசும்போது குரல் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 250 முறை அதிரும். ஹார்மோனியத்தின் ஆறாம் கட்டை 440 ஹெர்ட்ஸ். பயிற்சி பெற்ற சிறுவர் குழு அதற்கும் ஒரு ஸ்தாயி மேலே, 880 ஹெர்ட்ஸைச் சாதாரணமாகத் தொடும். தொண்டையை இறுக்கிக் கத்தினால் அங்கே போய்ச் சேர முடியாது. நாண்கள் நீண்டு மெலிந்து, அவற்றின் விளிம்பு மட்டும் அதிரவேண்டும். கீழிருந்து வரும் காற்று குறைவாகவும் சீராகவும் இருக்கவேண்டும். விளையாட்டு மைதானத்தில் கூச்சலிடும் குரலை மேலே தள்ளாமல், மேலே கிடைக்கும் அந்த மெல்லிய குரலைக் கீழ் ஸ்வரங்கள்வரை இறக்கிக்கொண்டு வருவதுதான் ஆங்கிலத் தேவாலயக் குழுக்களின் பயிற்சி. மூச்சை எங்கே எடுப்பது, ஒரு சொல்லின் கடைசி மெய்யை எந்த அட்சரத்தில் எல்லோரும் சேர்ந்து மூடுவது என்பதெல்லாம் அன்றாடம் உட்கார்ந்து பழகுகிற காரியங்கள். பிறகு மகரக்கட்டு வரும். ஆண் ஹார்மோனின் வேகத்தில் நாண்கள் ஏறக்குறைய 60 சதவீதம் நீண்டு தடிக்க, குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இசையமைப்பாளர் பாக் லைப்சிக் நகரில் பையன்களைப் பாடவைத்த 18ஆம் நூற்றாண்டில் இந்த மாற்றம் 16, 17 வயதில்தான் வந்தது என்று அக்காலக் குழுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று 13, 14 வயதிலேயே வந்துவிடுகிறது. எட்டு வயதில் சேரும் பையனைப் பழக்கவும் பாடவைக்கவும் ஆசிரியருக்குக் கிடைப்பது ஐந்தே ஆண்டுகள்.

இயற்கைதான் இந்த நாதத்தைத் தருகிறது என்றால் எல்லாச் சிறுவர் குழுக்களும் ஒன்றுபோல ஒலிக்கவேண்டும். அப்படி ஒலிப்பதில்லை. கிங்ஸ் கல்லூரியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி இருக்கிறது. அங்கே 1951 முதல் 1991 வரை இயக்குநராக இருந்த ஜார்ஜ் கெஸ்ட், ஐரோப்பியப் பெருநிலத்துக் குழுக்களைப் போல அழுத்தமும் சூடும் உள்ள நாதத்தைத் தம் பையன்களிடம் வளர்த்தார். கிங்ஸ் பையன்களிடம் அதே காலத்தில் வளர்ந்தது மெலிந்த, குளிர்ந்த நாதம். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே மாதிரித் தொண்டைகள், ஆசிரியர்தான் வேறு. சிறுமிகளின் குழுக்களும் இதையே காட்டுகின்றன. 1991இல் சால்ஸ்பரி பேராலயம் சிறுமிகளுக்கெனத் தனிக் குழு தொடங்கியபோது, பையன் குரலின் தனித்தன்மை போய்விடும் என்று பலர் வருந்தினார்கள். பின்னர் கிரஹாம் வெல்ச், டேவிட் ஹவர்ட் ஆகிய ஆய்வாளர்கள் ஒரே பயிற்சி பெற்ற இரு குழுக்களின் பாட்டையும் கேட்கவைத்து, பாடுவது யார் என்று கேட்டார்கள். கேட்டவர்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பாடலுக்குப் பாடல் தடுமாறினார்கள். பையன் குரலில் வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நாம் மெச்சுகிற நாதத்தில் பெரும்பங்கு பயிற்சியுடையது என்றுதான் பொருள்.

தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த 'பாய்ஸ் கம்பெனி'களும் இதே கணக்கில் ஓடியவைதான். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கவேண்டும் என்பதால் பையன்கள் ஐந்து கட்டை, ஆறு கட்டைச் சுருதியில் பாடினார்கள். ராஜாவும் ராணியும் அவர்களே. மகரக்கட்டு வந்ததும் வேறு வேஷம் போடவேண்டும், இல்லையேல் வேறு வழி தேடவேண்டும். அந்த இடத்துக்கு அடுத்த பையன் தயாராக இருப்பான், ஏனென்றால் மூத்தவன் பாடும்போதெல்லாம் திரை ஓரத்தில் நின்று பாடம் பண்ணிக்கொண்டிருந்தவன் அவன். நவாப் ராஜமாணிக்கம் நடத்திய மதுரை தேவி பால வினோத சங்கீத சபா 'இயேசுநாதர்' நாடகத்தையே மேடையேற்றியது. கிங்ஸ் கல்லூரி வரிசையையும் மதுரைக் கொட்டகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் ஒரே விதி வேலை செய்வது தெரியும்: ஒவ்வொரு குரலும் கொஞ்ச காலமே இருக்கும், ஆகவே குழுவின் நினைவு ஆட்களிடம் தங்காமல் வரிசையில் தங்கவேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும், நியாயமான கேள்விதான். இந்த ஆராதனை வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம், பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? வழக்கத்தின் வயதைப் பார்ப்போம். ஒன்பது வாசகங்களின் அமைப்பு 1880ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ட்ரூரோ நகரில் பேராயர் பென்சன் உண்டாக்கியது. பேராலயம் கட்டிமுடியாததால் அப்போது ஆராதனை நடந்தது ஒரு தற்காலிக மரக்கட்டடத்தில். முதல் உலகப் போரில் படைக்குருவாக இருந்து திரும்பிய எரிக் மில்னர்-வைட் 1918இல் அதைக் கிங்ஸ் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இறந்தது 1864இல். அதாவது ட்ரூரோவில் அந்த மரக்கட்டடம் எழும் முன்பே, அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி' வழியாகக் கிறிஸ்து பிறந்த ஊர் தமிழ் ராகங்களுக்குள் வந்துவிட்டது. ஆதாமின் வீழ்ச்சி தொடங்கி யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம்வரை வாசகமும் பாட்டும் மாறிமாறி வரும் அமைப்பும், கதையும் பாட்டும் பின்னிவரும் காலட்சேபத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமானதல்ல. பாடல்கள் எந்த மொழியிலும் எந்த ராகத்திலும் இருக்கலாம். கிங்ஸ் கல்லூரியிலேயே ஆண்டுக்கு ஆண்டு பாடல்கள் மாறுகின்றன. 1983 முதல் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஒன்றை எழுதச் சொல்லிச் சேர்க்கிறார்கள்.

ஜார்ஜ் டவுனில் இதற்கு வேண்டிய ஆலயங்களும் பள்ளிகளும் நெடுங்காலமாக இருக்கின்றன. ஃபார்குவார் தெருவில் 1818இல் கைதிகளின் உழைப்பில் எழுந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தை 1819இல் கல்கத்தா பேராயர் மிடில்டன் பிரதிஷ்டை செய்தார். அங்கே குருவாக இருந்த ஹட்சிங்ஸ்தான் 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கியவர். அதே தெருவில் மரியன்னை விண்ணேற்பு ஆலயமும், 1852 முதல் லசால் சகோதரர்கள் நடத்திய செயின்ட் சேவியர் பள்ளியும் இருக்கின்றன. இடம் இருக்கிறது, பையன்கள் இருக்கிறார்கள். ஆனால் அறையின் குணம் வேறு. கிங்ஸ் சிற்றாலயம் 88 மீட்டர் நீளமும் 24 மீட்டர் உயரமும் உள்ள கல் கூடு. பாடி நிறுத்திய ஸ்வரம் சில நொடிகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அரங்க ஒலியியலுக்கு அடித்தளமிட்ட வாலஸ் சபைன், ஹார்வர்டில் 1895 முதல் செய்த சோதனைகளில் ஒலி உறிஞ்சப்படுவதற்கு அளவாக எடுத்துக்கொண்டது ஒரு திறந்த சன்னலைத்தான். அதன் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லை, முழு இழப்பு. வெப்ப நாட்டுக் கோயிலில் கதவும் சன்னலும் காற்றுக்காகத் திறந்திருக்கும், மேலே மின்விசிறி சுழலும், வெளியே வண்டிச் சத்தம். கல் கூட்டுக்காகச் செய்த மெல்லிய நாதம் இங்கே வாசலோடு வெளியே போய்விடும். எனவே பினாங்குச் சிறுவர்கள் உயிரெழுத்துகளைச் சற்று நீட்டி ஒலியைத் தாங்களே தொடரவேண்டும், மெய்களைக் கூர்மையாகச் சொல்லவேண்டும், நெருங்கி நின்று பின்சுவரை ஒலிப்பலகையாகப் பயன்படுத்தவேண்டும். ஈரக்காற்று ஓரளவு கைகொடுக்கும். உயர்ந்த அதிர்வெண்களை அது வறண்ட காற்றைவிடக் குறைவாகவே விழுங்குகிறது, குரல் நாண்களும் காய்வதில்லை. அறைக்கேற்ற நாதத்தைச் செய்துகொள்ளவேண்டும் என்பதும் அந்த நாதம் செய்பொருள் என்பதற்கு இன்னொரு சான்று.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஐந்தாண்டு நிற்கும் குரலுக்காகக் குழந்தைகளை இப்படி வருத்தலாமா? பாய்ஸ் கம்பெனிகளில் அடியும் பசியும் வீட்டுப் பிரிவும் இருந்தன. அவற்றை நியாயப்படுத்த ஒரு வார்த்தையும் சொல்வதற்கில்லை. அடிக்கு அஞ்சும் பையனின் தொண்டைதான் முதலில் இறுகும் என்பதால், அந்தக் கொடுமை கலைக்கே எதிரானதுங்கூட. குரல் உடைந்ததும் பையனைத் தள்ளிவிடுவதும் தேவையற்றது. அமெரிக்க இசை ஆசிரியர் ஜான் குக்ஸி 1970களில் இந்த மாற்றத்தைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். குரல் ஒரே நாளில் போய்விடுவதில்லை, ஒவ்வொரு படியிலும் வசதியாகப் பாடக்கூடிய ஸ்வரங்கள் சில இருக்கும், அந்த எல்லைக்குள் பாடிக்கொண்டே மாற்றத்தைக் கடக்கலாம். இறங்கிக்கொண்டிருக்கும் குரலைப் பழைய உச்சத்துக்கே இழுப்பதுதான் கேடு. பதின்மூன்று வயதுப் பையனைக் கீழ்க்குரலுக்கு மாற்றி அதே வரிசையில் வைத்திருந்தால், மூச்செடுக்கும் இடம் தெரிந்த ஒருவன் புதியவன் பக்கத்தில் நிற்பான். ஓர் ஆண்டு புதியவர்களைச் சேர்க்கத் தவறினால் அந்த ஆண்டின் இடைவெளி வரிசை நெடுகப் பயணம் செய்து, நான்கைந்து ஆண்டுகளில் தனிப்பாட்டு பாடவேண்டிய இடத்துக்கு வந்து சேரும். நவம்பரில் பையன்களைக் கூட்டி டிசம்பரில் பாடவைத்துக் கலைத்துவிடுகிற குழுவில் இந்த வரிசை உருவாகவே இடமில்லை. பினாங்கில் ஒரு சபை இதைச் செய்ய விரும்பினால் எட்டு வயதுப் பையன்கள் பத்துப் பேரை ஜனவரியில் சேர்த்து, வாரம் மூன்று நாள் அரைமணி நேரமாவது உட்காரவைத்து, முதல் கிறிஸ்துமஸில் இரண்டு பாட்டு மட்டும் ஒரே குரலாகப் பாடச் சொன்னால் போதும். பல குரல் இசையும் தனிச் சரணமும் மூன்றாம் ஆண்டில் வரலாம்.