புது வாட்டர் ஹீட்டர் மாட்டியாச்சு... ஷவரில் ஏன் ஒரு நிமிஷம் சூடு, மறு நிமிஷம் ஜில்?

மார்கழிக் குளிருக்குப் பயந்து புது வாட்டர் ஹீட்டர் வாங்கி மாட்டியாச்சு. ஆனா ஷவரைத் திறந்தால் ஒரு நேரம் கொதிக்குது, ஒரு நேரம் ஜில்லுனு கொட்டுது. வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் இப்படி நடந்தால், ஹீட்டரைக் குறை சொல்வதற்கு முன்பு குழாய் இணைப்பைப் பாருங்க.

இரண்டு குழாயும் எங்கிருந்து வருது?

சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் ஒரே அழுத்தத்தில் வந்தால்தான் ஷவரில் சூடு நிலையாக இருக்கும். ஹீட்டருக்கு மாடி டேங்கில் இருந்தும், பச்சைத்தண்ணிக்கு மோட்டார் லைனில் இருந்து நேராகவும் இணைப்பு இருந்தால் சிக்கல்தான். மோட்டார் ஓடும்போது பச்சைத்தண்ணி வேகமாகப் பாய்ந்து சுடுதண்ணியைத் தடுக்கும். மோட்டார் நின்றதும் திடீரெனச் சூடு ஏறும்.

தீர்வு? இரண்டையும் ஒரே டேங்கில் இருந்து எடுங்க. சமையலறைக் குழாயைத் திறந்தால் ஷவர் சூடு மாறுகிறதா? குளியலறைக்குத் தனி லைன் போடச் சொல்லுங்க.

டேங்க் எவ்வளவு உயரம்?

10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தளத்திலேயே டேங்க் இருந்தால், ஷவருக்கு மேலே ஒன்றிரண்டு மீட்டர்தான் தண்ணி நிற்கும். அதாவது 0.1 முதல் 0.2 பார் வரைதான். மேடை கட்டி டேங்கை உயர்த்தினால் வித்தியாசம் தெரியும்.

சின்ன ஹீட்டரா?

3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டரின் திறன் பெரும்பாலும் 3 கிலோவாட். நிமிஷத்துக்கு 3 லிட்டர் தண்ணி ஓடினால் அது சுமார் 14 டிகிரி சூடேற்றும். 6 லிட்டர் ஓடினால் வெறும் 7 டிகிரிதான். இது பக்கெட்டுக்குச் சரி, ஷவருக்குப் பத்தாது. ஷவருக்கு 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர் நல்லது. 2 கிலோவாட் ஹீட்டர் 15 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற சுமார் 16 நிமிஷம் ஆகும்.

குழாய் மாறிடுச்சா?

ஸ்டோரேஜ் ஹீட்டரில் நீலக் குறி உள்ளே போகும் தண்ணிக்கு, சிவப்புக் குறி வெளியே வரும் சுடுதண்ணிக்கு. இதை மாற்றி இணைத்தால் வெதுவெதுன்னுதான் வரும்.

வோல்டேஜும் காரணமா?

ஆமாம். 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால், சூடேற்றும் திறன் கிட்டத்தட்ட 40 சதவீதம் சரியும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

சூடு பத்தலைன்னு தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருப்பாதீங்க. 60 டிகிரி தண்ணி சுமார் 5 விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகள், வயதானவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம். பச்சைத்தண்ணி அழுத்தம் சட்டெனக் குறையும் வீட்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். சேஃப்டி வால்விலிருந்து தண்ணி சொட்டினாலும் அதை அடைக்கக் கூடாது. எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதித்த பிறகே சுவிட்சைப் போடுங்க.