விருது யார் காசு?

"மனித உரிமையைப் பத்தி எழுதினதுக்கு 25,000 டாலராமே, இது யார் காசு சார்?" என்று டீக்கடையில் பேப்பரை மடித்தபடியே கேட்டார் ஒரு தம்பி. சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். விருதுச் செய்தி வந்தால் நாம் வாங்கியவர் படத்தைப் பார்ப்போம். கொடுத்தவர் யார் என்று பார்ப்பது குறைவு. இன்னொரு டீ சொல்லுங்கள் தம்பி, கதை கொஞ்சம் நீளம்.

அவர் படித்தது யுனெஸ்கோ ஆண்டுதோறும் மே 3, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளையொட்டித் தரும் விருது. கியேர்மோ கானோ என்பவர் பெயரில் 1997இல் தொடங்கியது. கொலம்பியாவின் 'எல் எஸ்பெக்டடோர்' நாளிதழின் ஆசிரியர் அவர். பாப்லோ எஸ்கோபாரின் போதைமருந்துக் கும்பலைப் பற்றி எழுதுவதை நிறுத்தவே இல்லை. 1986 டிசம்பர் 17 மாலை, பொகோட்டாவில் அலுவலகத்தை விட்டுக் காரில் கிளம்பியவரை வாசலுக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். விருதுப் பணம் யுனெஸ்கோவின் கல்லாவிலிருந்து வருவதில்லை. கானோ பெயரில் இயங்கும் அறக்கட்டளை, பின்லாந்தின் 'ஹெல்சிங்கின் சனோமாட்' நாளிதழோடு சேர்ந்த அறக்கட்டளை, நமீபியாவின் ஊடக அறக்கட்டளை ஆகியவை போடும் பணம் அது. ஆக, காசு பத்திரிகைக்காரர்களுடையது, மேடை மட்டும் அரசாங்கங்களுடையது.

இந்த ஏற்பாட்டில் உரசல் வராமல் இருக்குமா? முதல் ஆண்டே வந்தது. நடுவர் குழு தேர்ந்தெடுத்தது சீனச் சிறையில் இருந்த காவோ யூ என்ற பெண் நிருபரை. யுனெஸ்கோவில் சீனாவும் உறுப்பு நாடு. பெய்ஜிங் கடுமையாக ஆட்சேபித்தது, விருது மாறவில்லை. என்னைக் கேட்டால் அந்த விருதுக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

சிறையில் இருப்பவருக்குக் கேடயம் கொடுத்து என்ன பயன் என்று அடுத்து கேட்பீர்கள். கொழும்புக்குப் போவோம். ஜெ. எஸ். திசைநாயகம் என்ற தமிழ்ப் பத்திரிகையாளர் 2008 மார்ச்சில் கைதானார். போரின் நடுவே கிழக்கில் சிக்கிய மக்களின் நிலை பற்றி அவர் எழுதியதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டம் பாய்ந்தது. 2009 ஆகஸ்ட் 31 அன்று 20 ஆண்டு கடூழியச் சிறை என்று தீர்ப்பு. அதே ஆண்டு வாஷிங்டனில், அப்போதுதான் தொடங்கியிருந்த பீட்டர் மக்லர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. போய் வாங்கியவர் அவர் மனைவி. 2010 ஜனவரியில் பிணை கிடைத்தது. பொதுமன்னிப்பை இலங்கை அரசு அறிவித்தது மே 3 அன்று. தேதியைக் கவனியுங்கள். விருதுதான் பூட்டைத் திறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க அதிபர் ஒபாமா அவர் பெயரைச் சொல்லிப் பேசியிருந்தார், ஐரோப்பிய வர்த்தகச் சலுகை கைவிட்டுப் போகுமோ என்ற கவலையும் கொழும்புக்கு இருந்தது. ஆனால் வெளியுலகுக்குப் பெயர் தெரிந்த கைதியை மறந்துபோன மாதிரி உள்ளே வைத்திருப்பது ஓர் அரசுக்குச் சிரமம். எல்லா அரசுக்கும் இல்லை. எரித்ரியாவின் பத்திரிகையாளர் தாவித் இசாக் 2001 செப்டம்பரில் பிடிக்கப்பட்டவர். 2017இல் அவருக்குக் கானோ விருது கொடுத்தார்கள். அந்த அரசு அசையவே இல்லை.

இனி நம்ம ஊருக்குச் சம்பந்தமானது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டின் மிக ஏழை மாவட்டங்களில் சுற்றி எழுதினார். ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. புதுக்கோட்டையில் அவர் கண்டது பெண்கள் ஓட்டிய சைக்கிள். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டக் கற்றிருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, பலரும் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் குறுக்குக் கம்பி இருக்கிறதே, குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதிலும் ஒரு வசதி கண்டார்கள். வளர்ச்சி பற்றிய செய்தி என்றால் திட்ட ஒதுக்கீடு எத்தனை கோடி என்று எழுதுகிறவர் கண்ணில் அந்தக் கம்பி படாது.

சாய்நாத்துக்கு ஐரோப்பிய ஆணையத்தின் நத்தாலி பரிசும், ஆம்னஸ்டியின் மனித உரிமை இதழியல் பரிசும், 2007இல் மகசேசே விருதும் வந்தன, வாங்கிக்கொண்டார். இந்திய அரசின் பத்ம விருதை மட்டும் வேண்டாமென்றார். தான் யாரைப் பற்றி விமர்சித்து எழுதுகிறாரோ அந்த அரசிடம் பத்திரிகையாளர் கைநீட்டக் கூடாது என்பது அவர் கட்சி. ஐரோப்பிய ஆணையமும் அரசுகளின் அமைப்புதானே என்று நீங்கள் மடக்கலாம். மடக்குங்கள். ஆனால் ஒடிசாவின் காலாஹண்டியில் ரேஷன் வரவில்லை என்று எழுதுபவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பிரசல்ஸில் இல்லை. கலெக்டர் கையால் சால்வை வாங்கிய கையோடு அவர் மாவட்டத்துக் குடிதண்ணீர் ஊழலை எழுதச் சொன்னால் எத்தனை பேருக்குப் பேனா ஓடும்?

காசு எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு பரிசுப் பணத்தின் பயணம் எனக்குத் தெரியும். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் 1990இல் வாங்கிய நோபல் அமைதிப் பரிசில் ஒரு பகுதி, மாஸ்கோவில் 1993இல் தொடங்கிய 'நோவயா கஸெட்டா' பத்திரிகைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போனது. செச்னியாவில் நடந்த அட்டூழியங்களை எழுதிய அன்னா போலித்கோவ்ஸ்கயா அந்தப் பத்திரிகைக்காரர்தான். 2006இல் அவர் கொலையுண்டார். மறு ஆண்டு கானோ விருது அவருக்குப் போனது, வாங்க அவர் இல்லை. அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் திமித்ரி முரதோவுக்கு 2021இல், பிலிப்பைன்ஸின் மரியா ரெஸ்ஸாவோடு சேர்த்து, நோபல் அமைதிப் பரிசு. அந்தத் தங்கப் பதக்கத்தை 2022 ஜூனில் நியூயார்க்கில் ஏலம் விட்டார். போன விலை 10 கோடியே 35 லட்சம் டாலர். அத்தனையும் உக்ரைன் போரால் இடம்பெயர்ந்த குழந்தைகளுக்காக யூனிசெஃப் கணக்குக்குப் போனது. அவருடைய பத்திரிகை அதற்கு முன்பே, மார்ச்சில், அச்சை நிறுத்தியிருந்தது. செப்டம்பரில் மாஸ்கோ நீதிமன்றம் அதன் பதிவையும் ரத்து செய்தது.