ஓடுகிறவன் கையில் ஒரு வானொலி

அதிகாலையில் ஓடப் புறப்படுகிறவரைப் போலச் செட்டாகக் கணக்குப் பார்க்கிறவர் வேறு எவரும் இருக்க முடியாது. சாவிக்கொத்திலிருந்து வாசற்கதவின் சாவியை மட்டும் தனியே கழற்றி எடுத்துக்கொள்கிறார். பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு, ஒரே ஒரு நோட்டை நாலாக மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொள்கிறார். கைக்கடிகாரத்தைக்கூட இன்னும் இலேசானதாக மாற்றலாமா என்று யோசிக்கிறார். இவ்வளவு சிக்கனமான பேர்வழி, கேட்கவும் பேசவும் கூடிய ஒரு வானொலிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோவேன் என்று பிடிவாதம் பிடித்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தால் அவருக்குத் திருப்தி உண்டாகும்? நாலு வருஷமாக இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு ஓடுகிறவன் என்ற பாத்தியதையில் இதை எழுதத் துணிகிறேன்.

வானொலி என்று நான் சொல்வது பாட்டுக் கேட்கிற பெட்டியை அன்று. அமெச்சூர் வானொலி, அல்லது உலக வழக்கில் ஹாம் ரேடியோ, என்பது இலாபம் எதையும் கருதாமல், வானொலிக் கலையில் உள்ள ஆசை ஒன்றையே காரணமாகக் கொண்டு, சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸும் தமக்கென்று ஓர் அழைப்புக் குறியும் பெற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. நம் நாட்டில் அந்த லைசென்ஸை வழங்குவது மத்திய சர்க்காரின் தொலைத்தொடர்புத் துறை. அழைப்புக் குறிகள் பெரும்பாலும் வி.யு. என்ற இரண்டு எழுத்துக்களில் தொடங்கும். கடையில் பெட்டி கிடைக்கிறதே என்று வாங்கி, லைசென்ஸ் இல்லாமல் பொத்தானை அழுத்திப் பேசுவது சட்ட விரோதம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் சிறிய பெட்டியைப் பார்த்தவுடன் பெரிய மனிதர்களுக்கும் குழந்தை ஆசை வந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்கள் கையில் ஏந்திச் சென்ற எஸ்.சி.ஆர்.-536 என்னும் பெட்டியை இந்த வம்சத்தின் மூதாதை என்று சொல்லலாம். பிற்காலத்தில் மோட்டொரோலா என்று பெயர் மாற்றிக்கொண்ட கால்வின் கம்பெனி செய்த அதற்கு 'ஹாண்டி டாக்கி' என்று பெயர். முதுகில் மூட்டையாகக் கட்டிச் சுமக்க வேண்டியிருந்த 'வாக்கி டாக்கி' வேறு, இது வேறு. ஐந்து வால்வுகளும் பேட்டரிகளும் சேர்ந்து அதன் எடை ஐந்து பவுண்டு, அதாவது சுமார் 2.3 கிலோ. அது வெளிவிட்ட சக்தி 0.36 வாட், தரைமேல் மிஞ்சிப் போனால் ஒரு மைல் தூரம் பேசலாம். அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதை முடுக்குவதற்கு ஆன்டெனாவை உருவி வெளியே இழுக்க வேண்டும். இழுத்தால் உயிர் பெறும், உள்ளே தள்ளினால் அடங்கிவிடும். வானொலி என்பது முதலில் ஆன்டெனா, அப்புறந்தான் பெட்டி என்ற உண்மையை, வடிவமைத்தவர்கள் அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, சிப்பாயின் விரல்களுக்கே கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்து, அதுவும் போய் ஊசிமுனையளவு சில்லுகள் வந்த பிறகு, 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானிய கம்பெனிகளுக்குள் யார் மிகச் சிறிய பெட்டி செய்வது என்ற போட்டி மூண்டது. அலின்கோ கம்பெனி, தடிமனில் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய, சட்டைப் பையில் சீட்டுப் போல் நழுவி விழக்கூடிய பெட்டிகளை வெளியிட்டது. அந்த வரிசையில் டி.ஜே.-சி5 என்பதன் எடை நூறு கிராமுக்கும் குறைவு, சக்தி 0.3 வாட். போர்க்களத்து ஹாண்டி டாக்கியின் சக்தியும் ஏறக்குறைய இதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்; எடை மட்டும் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. யாயெசு கம்பெனியின் வி.எக்ஸ்.-3ஆர் என்பது 2007-இல் வந்தது. 47 மில்லிமீட்டர் அகலம், 81 மில்லிமீட்டர் உயரம், 23 மில்லிமீட்டர் தடிமன். நாலு தீப்பெட்டிகளை இரண்டிரண்டாக அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த உருவம் வந்துவிடும். பேட்டரி, ஆன்டெனா எல்லாம் சேர்ந்து 130 கிராம். சக்தி ஒன்றரை வாட். ஓடுகிற ஹாம் ஒருவரிடம் சிறிய பெட்டி எது என்று கேட்டால் இன்றும் முதலில் இதன் பெயரைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார். ஏனெனில் உற்பத்தி நின்றுவிட்டது, பழைய பெட்டியை யாராவது விற்றால்தான் உண்டு. இப்போது மலிவாகக் கிடைக்கும் சீனத்துப் பௌபெங் யு.வி.-5ஆர் போன்றவை சுமார் கால் கிலோ இருக்கும். மேஜைமேல் வைத்துப் பார்க்கும்போது 130 கிராமுக்கும் 250 கிராமுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் தோன்றும். எட்டாவது கிலோமீட்டரில், ஒவ்வோர் அடிக்கும் இடுப்பில் ஒரு முறை இடிக்கும்போது, வித்தியாசம் தெரிந்துவிடும்.

பெட்டி இளைத்தது, அலை இளைக்கவில்லை. சிறிய வானொலி தேடி அலைகிறவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய சூக்ஷ்மம் இதுவே. முந்நூறை அதிர்வெண்ணின் மெகாஹெர்ட்ஸ் கணக்கால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைத்துவிடும். ஹாம்கள் கைப்பெட்டியில் அதிகமாகப் பிரயோகிக்கும் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அது இரண்டு மீட்டர். அதில் கால் பங்கு, சுமார் 52 சென்டிமீட்டர், நீளமுள்ள கம்பிதான் ஆன்டெனாவுக்கு உகந்த அளவு. அரை மீட்டர்க் கம்பியை இடுப்பில் நட்டுக்கொண்டு யார் ஓடுவார்? ஆகவே கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, ரப்பர் உறை போட்டு, விரல் நீளத்துக்குக் குறுக்கிக் கொடுக்கிறார்கள். குறுக்கியதன் அபராதம் ஒலிபரப்பில் வசூலாகிவிடுகிறது. 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால், அலையே எழுபது சென்டிமீட்டருக்குள் அடங்கி, அதன் கால் பங்கு 17 சென்டிமீட்டர்தான் ஆகிறது. அங்கே விரல் நீள ஆன்டெனாவுக்கும் உகந்த அளவுக்கும் இடையிலே தூரம் அவ்வளவு இல்லை. ஆதலால், உங்கள் வட்டாரத்தில் பேச்சுத் துணையும் வசதியும் இருக்குமானால், சின்னப் பெட்டிக்குச் சின்ன அலையே பொருத்தம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆன்டெனாவின் அடியிலுள்ள உலோக வளையத்தில் கால் அலை நீளமுள்ள ஒரு மெல்லிய வயரை மாட்டித் தொங்கவிட்டால் பெட்டியின் குரல் தெளிவடைவதும் உண்டு. பெட்டிக்குள் இடம் பற்றாத மற்றொரு பாதியை அது ஈடு செய்கிறது. மேல்நாட்டு ஹாம்கள் இதைப் புலிவால் என்று அழைக்கிறார்கள். இரண்டு மீட்டர் அலைக்கு வேண்டிய அரை மீட்டர் வாலைத் தொங்கவிட்டு ஓடிப் பார்த்தேன். முழங்காலில் சுற்றிக்கொண்டது. புலிவாலைப் பிடித்தவன் கதி நமது பெரியவர்களுக்கு முன்பே தெரியும்.

சக்தி குறைவாயிற்றே என்ற கவலை இதற்கு அடுத்தது. அது பாதி வீண் கவலை. வானொலியின் வலிமையை அளக்கும் அளவுகோலில் ஒரு படி ஏறுவதற்குச் சக்தியை நாலு மடங்காக்க வேண்டியிருக்கிறது. ஐந்து வாட் பெட்டியை ஒன்றேகால் வாட்டுக்குக் குறைத்தால் கேட்பவர் பக்கத்தில் ஒரே ஒரு படிதான் இறங்கும், 0.3 வாட்டுக்கு வந்தாலும் இரண்டு படிதான். நல்ல இடத்தில் நின்று பேசினால் இந்த இரண்டு படியும் பொருட்டல்ல. விளிம்பில் நின்று பேசினாலோ, எப்.எம். முறையின் சுபாவப்படி, தெளிவாயிருந்த குரல் ஒரேயடியாக இரைச்சலில் மூழ்கிப் போகும். ஆகவே, வாட்டைத் தேடுவதைக் காட்டிலும் உயரத்தைத் தேடுவது புத்திசாலித்தனம். நெஞ்சளவு உயரத்திலுள்ள ஆன்டெனாவுக்குச் சமவெளியில் தொடுவானம் ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் முடிந்துவிடுகிறது. நூறு மீட்டர் உயரத்தில் ஹாம்கள் நிறுவியிருக்கும் ரிப்பீட்டருக்கோ அது நாற்பது கிலோமீட்டர். ஓர் அலைவரிசையில் கேட்டதை அக்கணமே இன்னோர் அலைவரிசையில் உரக்கச் சொல்வதுதான் ரிப்பீட்டரின் தொழில். ஓடுகிறவன் அதன் காதில் போட்டுவிட்டால் போதும். ஊருக்குச் சொல்லும் பொறுப்பு அதனுடையது. போதாக்குறைக்கு, மனித தேகம் உப்புத் தண்ணீர்ப் பை. இடுப்பில் கட்டிய பெட்டியின் அலையில் கணிசமான பங்கைத் தேகமே விழுங்கிவிடும். தோளிலோ மார்பின் மேற்புறத்திலோ கட்டினால் நஷ்டம் குறையும்.

பெட்டி சிறுக்கச் சிறுக்கச் சூடும் ஒரு சங்கடம். பேட்டரியிலிருந்து இழுக்கும் சக்தியில் பாதியோ அதற்கும் குறைவோதான் அலையாகப் போகிறது, மீதி உஷ்ணமாகத் தங்குகிறது. பெரிய பெட்டிக்கு அதைக் காற்றில் கொட்டப் பரந்த முதுகு உண்டு, தீப்பெட்டிக்கு இல்லை.

ஒரு பெட்டியை நான் கெடுத்த கதையைச் சொல்லியாக வேண்டும். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், ஏனெனில் குற்றம் என்னுடையது. கைக்குட்டையில் சுற்றி இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு ஒரு கோடைகாலம் முழுவதும் ஓடினேன். வியர்வை கைக்குட்டையில் ஊறிற்று, உலர்ந்தது, மறுநாள் மறுபடியும் ஊறிற்று. ஆடி மாதத்தில் ஒருநாள் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தபோது, பித்தளைத் தகடுகளின்மேல் பச்சையாக ஒரு படலம், ஓரத்தில் கடற்கரைப் பாறையில் பூப்பது போல வெள்ளை உப்பு. அன்றுமுதல் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு வாயை மடித்து ரப்பர் வளையம் போடுகிறேன். உறைக்கு வெளியே ஆன்டெனாவின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். தையற்காரரிடம் சொல்லித் தோளோடு இறுகக் கட்டும் பட்டை ஒன்றும் தைத்துக்கொண்டேன். அவர் அளவெடுத்துக்கொண்டே, "என்ன ஸார், தாயத்தா?" என்று கேட்டார்.

காதில் செருகும் ஒலிப்பான் ஒரு காதுக்கு மட்டும் இருந்தால் போதும். மற்றக் காது பின்னால் வரும் லாரிக்கு. பேசுவது, நினைத்ததைவிடக் கடினம். பொத்தானை அழுத்தியவுடன் முதலில் போய்ச் சேருவது நம்முடைய இரைப்பு. அழைப்புக் குறியைச் சொல்லி முடிப்பதற்குள் சுவாசம் இரண்டு முறை குறுக்கிடும். மூச்சை உள்ளே இழுத்து, பொத்தானை அழுத்தி, சொல்ல வேண்டியதை ஆறேழு வார்த்தைகளில் முடித்து, விரலை எடுத்துவிட வேண்டும். வாயாடிகளைத் திருத்த இதைவிட நல்ல வியாயாமம் கிடையாது.

கூட ஓடும் இளைஞர் ஒருவர், "செல்போன் இருக்கும்போது இது எதற்கு ஸார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், சாதாரண நாளில் எனக்கே பதில் சொல்லத் தெரியாது. அசாதாரண நாள் ஒன்று 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் நேர்ந்தது. முடிவுக் கோட்டருகே குண்டுகள் வெடித்ததும், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் அழைக்க முற்பட்டதனால் செல்போன்கள் திணறிப்போயின. அந்த ஓட்டப்பாதை நெடுகிலும், வருஷாவருஷம் வழக்கம்போல், வைத்திய உதவி நிலையங்களிலும் பேருந்துகளிலும் கைப்பெட்டியுடன் தொண்டு செய்துகொண்டிருந்த ஹாம்கள் தங்கள் அலைவரிசையில் செய்திகளைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தார்கள். பேசக்கூட முடியாத ஓட்டக்காரனுக்காக இன்னொரு வித்தையும் உண்டு: அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் பணிபுரிந்த பாப் புரூனிங்கா என்ற ஹாம் உருவாக்கிய ஏ.பி.ஆர்.எஸ். என்னும் முறை. ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தைப் பெட்டியே ஒரு சிறு சிணுங்கலாக மாற்றி அவ்வப்போது ஒலிபரப்பிவிடும். வீட்டிலிருப்பவர் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வசதியைத் தன்னுள் அடக்கிய கென்வுட் டி.எச்.-டி75 முதலிய பெட்டிகள் கால் கிலோவைத் தாண்டியவை. காலுறைக்குள் நோட்டை மடித்துச் செருகுகிற நம்முடைய சிக்கனப் பேர்வழி ஒப்புக்கொள்ள மாட்டார்.

நான் இப்போது தோளில் கட்டி ஓடுவது பழையதாக வாங்கிய ஒன்றரை வாட் பெட்டி. ஏரிக்கரையின் மேட்டுப் பகுதிக்கு வந்ததும், கிழக்கே வெளுக்கும் நேரத்தில், அழைப்புக் குறியைச் சொல்லிவிட்டுப் பொத்தானை விடுவேன். ரிப்பீட்டரின் வால் சத்தம் ஒரு விநாடி கேட்டு அடங்கும். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், காப்பி ஆற்றும் ஓசை பின்னணியில் கேட்க, தினந்தோறும் பதில் சொல்வார். சென்ற வாரம் அவர் சொன்னது: "குரல் நன்றாகக் கேட்கிறது தம்பி. மூச்சு அதைவிட நன்றாகக் கேட்கிறது. ஓவர்."