பிரிண்டர் எங்கே நின்றது?

அப்பத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின ராத்திரி. வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவர் படம் ஒன்று கொடுக்கணும் என்பது அம்மாவின் ஆசை. 4×6 அளவில் 40 பிரதி. "ஸ்டூடியோ எதுக்கு, நம்ம வீட்டுலயே பிரிண்டர் இருக்கே" என்று சவடால் விட்டவன் நான்தான்.

பிரிண்ட் கொடுத்தேன். சத்தமே இல்லை. நாலு தடவை அழுத்தியும் அப்படித்தான்.

ஒரு படம் காகிதத்தில் விழுவதற்குள் மூன்று இடங்களைத் தாண்டணும். கணினியில் காத்திருக்கும் வரிசை, நடுவில் வைஃபை, கடைசியில் இயந்திரம். எங்கே நின்றது என்று தெரியாமல் எதிலும் கை வைக்கக் கூடாது. அதனால் முதலில் கணினியையும் வைஃபையையும் ஒதுக்கினேன். படத்தை பென்டிரைவில் போட்டு நேராக பிரிண்டரில் செருகினேன். அழகாக அச்சானது. ஆக, இயந்திரத்தில் கோளாறு இல்லை.

காரணம் ரவுட்டர். சாயங்காலம் கரண்ட் போய் வந்ததில் அது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருந்தது. கணினி பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. காலி செய்த வீட்டுக்குக் கடிதம் போடுகிற மாதிரி.

முகவரியை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நான் நாலு தடவை அழுத்தியது நாலும் வரிசையில் காத்திருக்கும். அப்படியே விட்டிருந்தால் 160 படம் வரத் தொடங்கியிருக்கும்! விண்டோஸில் சர்வீசஸ் பகுதிக்குப் போய் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, ஸ்பூல் ஃபோல்டருக்குள் இருக்கும் பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் உள்ள கோப்புகளை அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி தொடங்கணும். பிறகு ரவுட்டரில் பிரிண்டருக்கு ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

பன்னிரண்டு படம் வந்தது. மறுபடி நின்றது.

இது வேறு விஷயம். என்னுடையது டை-சப்ளிமேஷன் வகை. மை தெளிப்பதில்லை, ரிப்பனில் இருக்கும் சாயத்தைச் சூட்டினால் காகிதத்துக்கு ஏற்றுகிறது. முதலில் மஞ்சள், அப்புறம் மெஜந்தா, அப்புறம் சயான், கடைசியில் பாதுகாப்புப் பூச்சு. ஒரே காகிதம் நாலு தடவை உள்ளே போய் வரும். தொடர்ந்து அடித்தால் தலைப்பகுதி சூடேறி, ஆறும்வரை தானாகவே நிற்கும். சும்மா காத்திருந்தாலே போதும்.

நான் காத்திருக்கவில்லை. காற்றுப் படட்டுமே என்று ஃபேனுக்குக் கீழே, சுவரை ஒட்டித் தள்ளி வைத்தேன். மறுபடி ஓடத் தொடங்கியதும் அடுத்த காகிதம் மஞ்சளோடு சிக்கிக்கொண்டது. இந்த வகையில் அச்சாகும்போது காகிதம் பின்பக்கமாக வெளியே நீளும். அதற்கு இடம் விடணும். அது சுவரில் முட்டிவிட்டது. முதல் கோளாறு ரவுட்டருடையது, இரண்டாவது கோளாறே இல்லை, மூன்றாவது நான் உண்டாக்கியது!

சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஆஃப் செய்து ஆன் செய்தால் பல பிரிண்டர்கள் தாமே காகிதத்தை வெளியே தள்ளிவிடும். அந்தக் காகிதத்தை மறுபடி போடவும் கூடாது. அந்தப் படத்துக்கான ரிப்பன் பகுதி போனது போனதுதான்.

இடம் விட்டு வைத்ததும் மிச்சம் எல்லாம் வந்தது. நடு ராத்திரி தாண்டிவிட்டது.

வீணான அந்த ஒன்றைக் கிழிக்கப் போனேன். அம்மா வாங்கிப் பார்த்தார். வெறும் மஞ்சளில் மங்கலாக ஒரு முகம்.

"அத்தை மஞ்ச பூசிக் குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்குடா" என்றார். அது இப்போது அவர் பீரோவில் இருக்கிறது.