திரைப்பாடலும் எழுத்தறிவும்

நீந்தக் கற்றவர் நீச்சலை மறப்பதில்லை என்பர். எழுத்தறிவு அத்தகையதன்று. இளமையில் ஓரிரு ஆண்டுகளே பள்ளிக்குச் சென்று, பின்னர் உழைக்க அனுப்பப்பட்ட பலர், கற்ற எழுத்துகளைப் பயன்படுத்த வாய்ப்பின்றி மறந்துவிடுகின்றனர். தம் பெயரைக் கையொப்பமிடுவர். ஆனால் எந்தத் தாளில் கையொப்பமிட்டோம் என்பதைப் படித்தறிய இயலாமல் பிறரை நம்பியிருப்பர்.

ஏதேனும் ஒரு மொழியைப் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்த, 7 வயது நிரம்பியவரையே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எழுத்தறிவு பெற்றவராகக் கொள்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் அவ்வயதினருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுத்தறிவு பெறாதவர். 1988இல் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கம் முதியோர் கல்வியை ஊர்தோறும் கொண்டுசென்றது. எனினும், வகுப்பு முடிந்தபின் படித்துப் பழகுவதற்கு வழி வேண்டுமன்றோ?

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர் பிரிஜ் கோத்தாரி 1996இல் எளிய வழியொன்றை முன்வைத்தார். தொலைக்காட்சியில் திரைப்பாடல் ஒலிக்கும்போது, பாடலின் வரிகளை அதே மொழியில் திரையின் அடியில் காட்டலாம் என்பதே அது. 1999இல் அகமதாபாத் தூர்தர்ஷனில் குஜராத்திப் பாடல்களுக்கு இம்முறை பயன்படுத்தப்பட்டது. பின்னர் ‘சித்ரஹார்’, ‘ரங்கோலி’ ஆகிய இந்தி நிகழ்ச்சிகளிலும் இடம்பெற்றது.

இது மொழிபெயர்ப்பன்று, காதில் விழும் சொல்லே கண்ணுக்கும் தெரிகிறது. பாடப்படும் சொல் அந்நொடியிலேயே நிறம் மாறுவதால், பார்வை ஒலியைப் பின்தொடர்கிறது. பாடல் முன்பே மனப்பாடமாக இருப்பதால், அடுத்த சொல் எதுவெனக் காண்பவர் அறிவார். அதன் வடிவத்தை மட்டுமே கண்டுகொள்ள வேண்டும். பல்லவி மீண்டும் மீண்டும் வருவதால் அச்சொற்கள் மனத்தில் பதிகின்றன. தனி வகுப்பும் தேவையில்லை, கூச்சமும் இல்லை.

ஓர் எழுத்தும் அறியாதவருக்கு இம்முறை மட்டும் போதாது. அவருக்கு ஆசிரியர் வேண்டும். அரைகுறையாகக் கற்றவருக்கோ இது நாள்தோறும் கிடைக்கும் பயிற்சி.

வெளிமாநிலத்தில் வாழும் உங்களுக்கும் இது பொருந்தும். வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள். தெருவில் தமிழெழுத்தைக் காண்பது அரிது. காணாத எழுத்து மெல்ல மறையும். கண்டு பழகிய எழுத்தே நிலைக்கும்.

சொல்லும் பொருளும்
ஏறத்தாழ – சுமாராக
அரிது – எளிதில் கிடைக்காதது
பல்லவி – பாடலில் திரும்பத் திரும்பப் பாடப்படும் தொடக்கப் பகுதி

வினாக்கள்
1. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எவரை எழுத்தறிவு பெற்றவராகக் கொள்கிறது?
2. பாடப்படும் சொல் நிறம் மாறுவதால் விளையும் பயன் யாது?
3. இம்முறை எவருக்குப் போதாது? ஏன்?

செயல்பாடு
உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் விரும்பும் தமிழ்ப்பாடலைக் கேளுங்கள். அதன் பல்லவியைப் பெரிய எழுத்தில் எழுதி, அவருடன் விரல்வைத்துப் படித்துப் பாடுங்கள்.